கரடு ஏறும் முன் கேப்பைக்களி

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறவர்கள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போவார்கள். நான் வெளுத்துப்போன நூல் சேலையும், மகள் கோயம்புத்தூரிலிருந்து வாங்கி வந்த ஷூவுமாகப் போனேன். சேலைக்குக் கீழே ஷூவைப் பார்த்துப் பெரியகுளம் பஸ் ஸ்டாண்டில் பூக்காரம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று காலை எனக்கு எதற்குமே சிரிப்பு வந்திருக்காது.

மகளும் அந்தத் தம்பியும் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறவர்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் மலையேறப் போகும் ஒரு கூட்டத்தில் பழக்கமாகி, கல்யாணம் செய்துகொள்ளலாம் என்ற முடிவுக்கு அவர்களாகவே வந்துவிட்டார்கள். அந்தத் தம்பிக்குச் சொந்த ஊர் தேவாரத்துக்குப் பக்கம். அப்பா அம்மாவுக்கு விவசாயம். ஊருக்கு வெளியே தோட்டத்திலேயே வீடு. ஒரே பிள்ளை. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

தை மாதம் பிறந்ததும் அவர் எனக்குப் போன் செய்தார். முதல் பேச்சிலேயே அத்தை என்றுதான் கூப்பிட்டார்.

"அத்தை, தட்டு, பழம், சொந்தக்காரங்க எல்லாம் அப்புறம் வச்சுக்குவோம். மொத நீங்க ரெண்டு பேரும் மட்டும் ஒரு ஞாயித்துக்கெழம சும்மா தோட்டத்துக்கு வாங்க. காலச் சாப்பாடு அங்கயே சாப்புடுவோம். வெயில் ஏறுறதுக்குள்ள பின்னாடி இருக்கிற கரட்டுல எல்லாருமா ஏறி எறங்குவோம். எங்க அப்பா அம்மாவும் வர்றாக."

"நான் கரடு ஏறுறதா? என்னப்பா நீங்க."

"பையப் போவோம் அத்தை. எங்க அம்மாவுக்கும் மூட்டுவலி இருக்கு."

கரடு என்றால் எங்கள் பக்கத்தில் மரம் அதிகமில்லாத பாறைக்குன்று. மேற்கே பெரிய மலை எழும்புவதற்கு முன்னால் அங்கங்கே தனித்தனியாக நிற்கும். ஆடு மேய்க்கிறவர்கள் ஏறுவார்கள். அலுவலகத்தில் ஃபைல் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்தே காலம் போன எனக்கு அதில் ஏறும் ஆசை எதுவும் இருந்ததில்லை. ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டேன். சொந்தக்காரர்கள் யாரும் வேண்டாம் என்று அவர் சொன்னதுதான் காரணம்.

மகளுக்கு வலிப்பு உண்டு. பள்ளிக்கூடத்தில் காலைப் பிரேயரில் நின்றுகொண்டிருந்தபோது முதல் தடவை விழுந்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது யாரோ ஒரு சாவிக்கொத்தை அவள் கையில் திணித்து இறுக்கிப் பிடித்திருந்தார்கள். கண் விழித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "எல்லாரும் பாத்தாங்களாம்மா?" அதற்கடுத்த வருடம் அவள் அப்பா இறந்துபோனார். அப்புறம் மதுரை ஆஸ்பத்திரி, ஸ்கேன், மாத்திரை, மாத்திரை மாற்றம் என்று ஓடி, கடைசியில் ஒரு மாத்திரை அவளுக்கு ஒத்துக்கொண்டது. கல்லூரிக்குப் போனதிலிருந்து ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை. காலையிலும் இரவிலும் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடவேண்டும். பட்டினி கிடக்கக் கூடாது. தூக்கம் கெடக் கூடாது. மலையேறக்கூட டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் போனாள். கூட ஆள் இருந்தால் போகலாம் என்று அவர் சொல்லியிருந்தார்.

அவளுக்கு இதில் ஒளிவுமறைவு கிடையாது. கூட வேலை பார்க்கிறவர்களிடம் சொல்லிவைத்திருக்கிறாள். அந்தத் தம்பியிடமும் பழகிய கொஞ்ச நாளிலேயே சொல்லிவிட்டாள். பயம் எல்லாம் எனக்குத்தான். கல்யாணம் என்று வந்தால் எங்கள் ஊர்களில் முதலில் நடப்பது விசாரிப்பு. நான் அவர்களைப் பற்றி யாரிடமும் விசாரிக்கவில்லை. நான் ஆள் விட்டு விசாரித்தால் அவர்களும் விசாரிப்பார்கள், விசாரித்தால் பெரியகுளத்தில் எவராவது பள்ளிக்கூடக் கதையை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள் என்று அப்படியே இருந்துவிட்டேன்.

முந்தின நாள் ராத்திரி அவளிடம் கேட்டேன். "அவங்க அப்பா அம்மாட்ட சொல்லிட்டாராமா?"

"சொல்லிருப்பாரும்மா."

"சொல்லிருப்பாரா, சொல்லிட்டாரா?"

"அம்மா, அவர் சொல்றேன்னு சொன்னா சொல்லிருவாரு. நான் போய் போலீஸ் மாதிரி கேட்டுக்கிட்டு இருக்க முடியாது."

எனக்கு அது போதவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால், அந்த அம்மா முன்னால் இவள் மாத்திரையை எடுத்தால், என்னத்துக்கு மாத்திரை என்று அவர்கள் கேட்டால் என்று மனசு ஓடிக்கொண்டே இருந்தது. தேனியில் பஸ் மாறி உட்கார்ந்ததும் பையிலிருந்து வாழைப்பழத்தை எடுத்து நீட்டினேன்.

"இதச் சாப்பிட்டு இங்கயே போட்டுரு."

அவள் பழத்தையும் என்னையும் பார்த்தாள். "அங்க போய்ச் சோறு சாப்பிட்டுட்டுப் போடுறேன். ஒரு பழத்துல மாத்திரை போட்டா எனக்கு வயிறு எரியும். எதுக்கும்மா ஒளிக்கணும்?"

பஸ்ஸில் சண்டை போட முடியாது. பழத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தேன். போடி தாண்டியதும் ஜன்னல் வழியாக ஊதக்காற்று முகத்தில் அடித்தது. மலை முழுக்கப் பனி இறங்கி, பாதி மலை இருக்கிற இடமே தெரியவில்லை.

தேவாரத்தில் அந்தத் தம்பி காரோடு நின்றார். உயரம் கொஞ்சம் கம்மி, நல்ல கறுப்பு, பேசும்போது கண்ணைப் பார்த்துப் பேசினார். வழியெல்லாம் மகளும் அவரும் எந்தப் பாதையில் ஏறலாம், சுனையில் தண்ணீர் இருக்குமா என்று பேசிக்கொண்டே வந்தார்கள். நான் பின்சீட்டில் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பைக்குள்தான் மாத்திரை இருந்தது. அவளிடம் கொடுக்காமல் நானே வைத்துக்கொண்டேன்.

தென்னந்தோப்பைத் தாண்டி, மொச்சை படர்ந்த காட்டைத் தாண்டி, வண்டி நின்றது. ஓட்டு வீடு. பின்னாலேயே கரடு. பக்கத்தில் பார்த்தபோது மகள் காட்டிய போட்டோவில் பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது. வீட்டு வாசலில் புளியமரத்துக்குக் கீழே கல்லடுப்பில் பெரிய பானை. அதன் முன்னால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓர் ஆள், இரண்டு கையாலும் மரத்துடுப்பைப் பிடித்து முழுப் பலத்தோடு கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டிருந்தார். அவர்தான் தம்பியின் அப்பா. வாங்க என்று தலையால் சொன்னாரே தவிரத் துடுப்பை விடவில்லை.

"கையெடுத்துக் கும்பிட முடியல, தப்பா நெனைக்காதீக. விட்டா கட்டி தட்டிரும்."

வீட்டுக்குள்ளிருந்து அந்த அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வேகமாக வந்தார். என் வயதுதான் இருக்கும். ஒல்லியான உடம்பு, கணீரென்ற குரல். முதலில் என் காலைப் பார்த்தார்.

"ஷூவெல்லாம் போட்டு வந்திருக்கீக! அப்ப நெசமாவே ஏறப் போறீக. நான் நீங்க வரமாட்டீகன்னு இவன்கிட்ட பந்தயம் கட்டினேன்."

பிறகு மகளைப் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை. அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை. தேடுகிற பார்வை மாதிரி எனக்குப்பட்டது.

பாய் விரித்து உட்கார வைத்தார்கள். "பால் ஊத்தவா, கட்டனாவே குடிப்பீகளா?" என்று கேட்டுக் கட்டன்சாயா கொண்டுவந்தார். தம்பியின் அப்பா களியைக் கிண்டி முடித்து, ஈரக் கிண்ணத்தில் அள்ளி உருட்டி உருட்டித் தட்டில் வைத்தார். இன்னொரு அடுப்பில் நாட்டுக்கோழிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் சட்டியில் பச்சை மொச்சையும் கத்திரிக்காயும் போட்ட புளிக்குழம்பு. கனலில் ஒரு துண்டுக் கருவாடு வெந்துகொண்டிருந்தது.

"மசாலா மிக்சியில அரைச்சதுதான். அம்மின்னு பொய் சொல்ல மாட்டேன்" என்றார் அந்த அம்மா. "ஆபீஸ்ல வேலை பாக்குறவுக களி சாப்புடுவாகளோ என்னமோன்னு தேவாரத்துல இட்லியும் வாங்கியாரச் சொன்னேன். உள்ள இருக்கு. கூச்சப்படாமச் சொல்லுங்க."

"களிதான் வேணும்" என்றேன். குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

காலையில் இவ்வளவு பெரிய சமையலா என்று எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. பொழுது விடிந்து அதிக நேரம் ஆகவில்லை. கோழி உரித்து, மாவு கரைத்து, மொச்சை உரித்து எல்லாம் செய்ய வேண்டுமானால் அவர்கள் இருட்டிலேயே எழுந்திருக்க வேண்டும். நான் அதைக் கேட்க வாயெடுத்தபோது அந்த அம்மா முதல் தட்டோடு வந்தார். விருந்தாளியில் பெரியவள் நான். அடுத்து வீட்டு ஆண்கள். எங்களை எல்லாம் தாண்டிப்போய் என் மகள் முன்னால் தட்டை வைத்தார். களியில் விரலால் ஒரு குழி பண்ணி, அதில் கோழிக்குழம்பை ஊற்றினார்.

"நீ மொத சாப்புடு ஆத்தா. மாத்திரை போடணும்ல."

கையிலிருந்த டம்ளரை நான் கீழே வைத்தேன். வைத்தேனா, நழுவவிட்டேனா என்று தெரியவில்லை. மிச்சமிருந்த சாயா பாயில் கொட்டியது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

மகள் "சரிங்கத்தை" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். ஒரு வாய் விழுங்கியதும் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். நான் சொன்னேன்ல என்று அர்த்தம்.

அந்த அம்மா எனக்குத் தட்டு வைத்துவிட்டு என் எதிரிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"நாங்க எப்பவும் வேலை எல்லாம் முடிச்சுட்டுப் பதினோரு மணிக்குத்தான் சாப்புடுவோம். இவன்தான் சொன்னான், வயிறு காயக்கூடாது, நேரத்துக்குச் சாப்புட்டுட்டு மாத்திரை போடணும், அப்புறந்தான் கரடு கிரடெல்லாம்னு. அதான் கோழி கூப்புடுறதுக்கு முன்னாடியே கோழியப் பிடிச்சுட்டேன்."

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். வேறு ஒன்றும் கேட்க வரவில்லை.

"தெரியும் மதினி."

மதினி என்று அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் அதை யோசித்துச் சொன்ன மாதிரியே இல்லை.

"பொய் சொல்ல மாட்டேன். இவன் போன்ல சொன்னதும் எனக்கு அடிவயிறு கலங்கிருச்சு. ஒத்தப் பிள்ளை. ஊர் உலகத்துல வேற பொண்ணே கிடைக்கலையாடான்னு கேட்டுப்புட்டேன். அப்புறம் அவன்கூடப் பேசவே இல்ல. அவனும் பேசல. இவுகதான் சொன்னாக, நமக்கு அதப்பத்தி என்ன தெரியும், தெரிஞ்சவுககிட்டக் கேட்டுட்டு அப்புறம் அழுன்னு. சரின்னு தேனியில ஒரு நரம்பு டாக்டர்ட்டப் போனோம்."

"டோக்கன் கதையச் சொல்லு" என்றார் அவர் கணவர், கருவாட்டைப் புரட்டிக்கொண்டே.

"அத ஏன் கேக்குறீக. டோக்கன் போடுற பிள்ளை, பேசண்ட் யாருன்னு கேட்டுச்சு. என்னத்தச் சொல்ல? பேசண்டு கோயம்புத்தூர்ல வேலையில இருக்கு, நாங்க மாமனார் மாமியாரா ஆகலாமா வேண்டாமான்னு கேக்க வந்திருக்கோம்னு சொன்னா சிரிக்காதா? இவுகளக் கை காட்டிட்டேன்."

"என்னைய எடை போட்டாக, பி.பி. பாத்தாக" என்றார் அவர். "உள்ள போனதும் டாக்டர் உக்காரவச்சு முட்டியில சின்னச் சுத்தியல வச்சுத் தட்டுறாரு. கண்ணுல டார்ச் அடிக்கிறாரு. எத்தன நாளா வருதுங்கிறாரு. நமக்கே என்னமோ இருக்கு போலன்னு நானே பயந்துட்டேன். அப்புறந்தான் இவ வாயத் தொறந்தா. டாக்டர் சிரிச்சுட்டாரு. பேசண்ட விட்டுட்டு வியாதிய மட்டும் கொண்டாந்திருக்கீகளேன்னாரு."

மகளுக்குச் சிரிப்பில் புரையேறியது. தம்பி அவள் தலையில் தட்டினார். இந்தக் கதை அவருக்கே அன்றுதான் தெரியும் போலிருக்கிறது. "எங்கிட்டச் சொல்லவே இல்லையேம்மா" என்றார்.

"ஒன்கிட்ட எதுக்குச் சொல்லணும்? நீ எங்ககிட்டக் கேட்டுட்டா முடிவு பண்ணுன?" என்று மகன் வாயை அடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அந்த டாக்டர் நல்லவரு மதினி. பொறுமையாச் சொன்னாரு. மாத்திரைய விடாமப் போட்டு, நேரத்துக்குச் சாப்புட்டு, நல்லாத் தூங்குனா எல்லாரையும் போல இருக்கலாம்னாரு. பிள்ளை பெறலாமாம். அதுக்கு முன்கூட்டியே பாக்குற டாக்டர்ட்டச் சொல்லி மாத்திரைய மாத்திக்கணுமாம். தப்பித் தவறி வந்துருச்சுன்னா என்ன செய்யணும்னும் கேட்டுக்கிட்டோம். ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். வாயில ஒண்ணும் வைக்கக் கூடாது. கையில இரும்பத் திணிக்கக் கூடாது."

பேசினால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. களியை உருட்டிக் குழம்பில் தோய்த்து வாயில் போட்டேன். களியை மெல்லக் கூடாது, விழுங்கத்தான் வேண்டும். அன்று அது தொண்டையில் நின்றுகொண்டது. அந்த அம்மா தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தினார்.

"நான் சொல்லலாம்னுதான்..." என்று இழுத்தேன்.

"நீங்க எப்படிச் சொல்லுவீக? விடுங்க. தொண்டைய அடைக்குது பாருங்க, தண்ணியக் குடிங்க."

தண்ணீர் குடித்தேன். களி இறங்கியது. அப்போதுதான் எனக்குப் பசித்தது. முந்தின நாள் மத்தியானத்திலிருந்தே நான் சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை என்பது ஞாபகத்துக்கு வந்தது. அப்புறம் நான் சாப்பிட்ட சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. கோழிக்குழம்போடு ஓர் உருண்டை. மொச்சைக் குழம்போடு இன்னோர் உருண்டை. பச்சை மொச்சை வெந்து, தோலுக்குள் வெண்ணெய் மாதிரி இருந்தது. கருவாட்டைப் பிய்த்துக் கடித்துக்கொண்டேன். காரத்தில் மூக்கிலும் கண்ணிலும் நீர் வழிந்தது. எது காரத்துக்கு, எது மற்றதுக்கு என்று பிரிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் இருந்தது. தம்பியின் அப்பா இன்னோர் உருண்டையோடு வந்தார்.

"போதும்ண்ணே, கரடு ஏறணும்" என்றேன். அண்ணே என்று என் வாயில் தானாக வந்தது.

"இதத் தின்னுட்டு ஏறுனாத்தான் தங்கச்சி ஏற முடியும். பாதி வழியில கால் பின்னுச்சுன்னா என்னால தூக்க முடியாது."

மகள் கையைக் கழுவிவிட்டு வந்து என் முன்னால் உள்ளங்கையை நீட்டினாள். நான் பையைத் திறந்து எல்லோர் முன்னாலும் மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். அவள் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான். அடுத்த பேச்சு கோழிக்கு உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சா என்பதைப் பற்றி இருந்தது.

வெயில் மஞ்சளாக வந்தபோது கிளம்பினோம். பிள்ளைகள் இருவரும் முன்னால். நடுவில் தம்பியின் அப்பா, கையில் ஒரு கம்போடு. பின்னால் நாங்கள் இரண்டு பெண்பிள்ளைகள். அவர் மூட்டுவலிக்காரர், நான் மூச்சுக்காரி. பத்தடி போவோம், நிற்போம். பாதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆடுகள் போய்ப்போய்த் தேய்ந்த தடம், இரண்டு பக்கமும் முள். சில இடங்களில் பாறையில் கையை ஊன்றி ஏற வேண்டியிருந்தது. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டேன். ஷூ வாங்கித் தந்த மகளை மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். அந்த அம்மா ரப்பர் செருப்போடு என்னைவிட நன்றாக ஏறினார்.

"எனக்கு இன்னொரு பயம் இருந்துச்சு மதினி" என்றார், ஓரிடத்தில் நின்று மூச்சு வாங்கும்போது. "நீங்க எங்கள விசாரிச்சிருப்பீகன்னு நெனச்சேன்."

"நான் யார்கிட்டயும் விசாரிக்கலயே."

"விசாரிச்சிருந்தா சொல்லிருப்பாக. இவுக முன்னாடி நல்லாக் குடிப்பாக. தோட்டத்துல பாதி போனது அதுலதான். விட்டு வருசம் ஆச்சு. இருந்தாலும் ஊருக்குள்ள பேரு பேருதான். பொண்ணு குடுக்குறவுக யோசிப்பாகள்ல?"

முன்னால் போகும் மனிதரைப் பார்த்தேன். அவர் கம்பால் முள்ளை ஒதுக்கி, நாங்கள் வருவதற்கு வழி பண்ணிக்கொண்டிருந்தார். "யோசிக்கல" என்றேன். அது உண்மை. அந்த அம்மா மேலே நடந்தார். ஆனால் முதுகைப் பார்த்தபோதே தெரிந்தது, பாரம் ஒன்று இறங்கியிருந்தது.

பாதிக் கரடு தாண்டியபின் ஒரு பெரிய பாறை குறுக்கே நின்றது. தடம் அதைச் சுற்றிப் போனது. பிள்ளைகள் அதற்குப் பின்னால் போய்விட்டார்கள். பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அது நின்றுவிட்டது. தம்பியின் அப்பா காலில் தைத்த முள்ளை எடுக்க உட்கார்ந்துவிட்டார். எனக்குக் காது நீண்டது. இத்தனை வருடப் பழக்கத்தில் அது தானாக நடக்கும். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றால் நிற்கும் காது அது.

அந்த அம்மாவும் நின்றார். "ஏலே! எங்கன இருக்கீக?" என்று கத்தினார்.

பதில் இல்லை. காற்று மட்டும் பாறையில் உரசிக்கொண்டு போனது.

மூட்டுவலி எங்கே போனதோ, என்னைத் தாண்டிக்கொண்டு அவர் ஓடினார். நான் பின்னால் ஓடினேன். பாறையைச் சுற்றித் திரும்பியதும் பார்த்தோம். சமமான ஒரு பாறைத்தட்டில் என் மகள் மல்லாக்கக் கிடந்தாள். கை ஒன்று தலைக்கு மேல். கண் மூடியிருந்தது. பக்கத்தில் அந்தத் தம்பி இல்லை.

எனக்குக் கால் அங்கேயே நின்றுவிட்டது. ஆனால் அந்த அம்மா நிற்கவில்லை. ஒரே பாய்ச்சலில் போய் அவள் பக்கத்தில் முட்டி போட்டார். ஒரு கையைத் தலைக்குக் கீழே கொடுத்து, இன்னொரு கையால் தோளைப் பிடித்து, அவளை அப்படியே ஒருக்களித்துப் புரட்டினார். தன் முந்தானையை உருவிச் சுருட்டி அவள் கன்னத்துக்கு அடியில் வைத்தார். "ஒண்ணுமில்ல ஆத்தா, ஒண்ணுமில்ல, நான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மகள் கண்ணைத் திறந்தாள். ஒருக்களித்த வாக்கிலேயே அவரைப் பார்த்தாள்.

"என்னங்கத்தை?"

"என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யல. பாறை சூடா இருந்துச்சு. சும்மா படுத்தேன்."

அந்த அம்மா அப்படியே பின்னால் உட்கார்ந்துவிட்டார். அடுத்த கணம் குரல் கரடு முழுக்க எதிரொலித்தது.

"சும்மா படுக்கிறவ கண்ணத் தொறந்துகிட்டுப் படுக்கணும்! எங்க உசுரு போயிருச்சு! அவன் எங்கன போனான்?"

தம்பி ஒரு வெடிப்புக்குள்ளிருந்து பாட்டிலோடு எட்டிப் பார்த்தார். சுனையில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க இறங்கியிருக்கிறார். உள்ளே எதுவும் கேட்கவில்லையாம். அவருக்கும் நல்ல திட்டு விழுந்தது. இரண்டு பேரையும் நிற்கவைத்து அவர் திட்டத் திட்ட, எனக்குச் சிரிப்பு வர ஆரம்பித்தது. நின்ற இடத்திலேயே உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை. அப்புறம் அது அழுகையாகி, மறுபடி சிரிப்பானது. மகள் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் முதுகில் பாறையின் சூடு இன்னும் இருந்தது. முள்ளை எடுத்துவிட்டுக் கடைசியாக வந்துசேர்ந்த தம்பியின் அப்பா, ஒருத்தர் திட்டுவதையும் ஒருத்தர் அழுவதையும் மாறி மாறிப் பார்த்து, "நான் செத்த நேரம் உக்காந்தது குத்தமா?" என்று கேட்டார்.

இத்தனை வருடம் அவள் விழுந்தால் பிடிப்பதற்கு என் இரண்டு கை மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று என் கை அசையவே இல்லை. அசைய வேண்டிய தேவையும் இல்லாமல் போனது. இதை அந்தப் பாறையில் உட்கார்ந்து யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். யோசனை பின்னால்தான் வந்தது. அப்போது உடம்பு முழுக்க லேசாக இருந்தது. அவ்வளவுதான்.

உச்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். கன்னிமார் என்று கல் நட்டு மஞ்சள் பூசி வைத்திருந்தார்கள். அந்த அம்மா சூடம் ஏற்றப் பார்த்தார். காற்று விடவில்லை. மூன்றாவது தடவை, "ஏத்துனதா நெனச்சுக்கங்க தாயி" என்று கன்னிமாரிடமே சொல்லிவிட்டார். கீழே தென்னந்தோப்புகள், வாழை, பந்தல் போட்ட திராட்சை, அதற்கப்பால் காற்றாலைகள் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தன. தம்பியின் அப்பா ஒவ்வொன்றாகக் கை காட்டினார். "அந்தா அங்கன தெரியுது பாருங்க, அந்த மலையத்தான் கவர்மெண்டுல கொடஞ்சு உள்ளுக்குள்ள ஆராய்ச்சி பண்ணப்போறோம்னாக" என்றார். நான் பையிலிருந்த வாழைப்பழத்தை எடுத்துப் பிட்டு எல்லோருக்கும் கொடுத்தேன். நசுங்கியிருந்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை.

இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம் என்று யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்தே பாதிக் கரட்டை இறங்கினேன். தோட்டத்துக்கு வந்ததும் மோட்டார்த் தொட்டியில் காலை விட்டுக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். அந்த அம்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"பூ வைக்க எப்ப வரட்டும் மதினி?"

"இவ லீவு பாத்துச் சொல்றேன்" என்றேன். இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தோம்.

கல்யாணம் ஆவணியில் நடந்தது. விசாரிக்கிறவர்கள் அதற்கப்புறமும் விசாரித்தார்கள். என் கொழுந்தனார் ஒருவர் மண்டபத்தில் வைத்து, "அவுகளுக்குத் தெரியுமா?" என்று என் காதில் கேட்டார். தெரியும் என்று சத்தமாகவே சொன்னேன்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது திரும்பி வந்த பஸ்தான். தேனியில் திண்டுக்கல் பஸ் பிடித்துப் பெரியகுளத்துக்கு டிக்கெட் எடுத்தோம். ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். உட்கார்ந்ததுதான் தெரியும். யாரோ தோளைத் தட்டினார்கள். கண்டக்டர்.

"பெரியகுளம்தான எடுத்தீக? பஸ் ஸ்டாண்டுல கத்திக் கத்திப் பாத்தேன். ரெண்டு பேரும் அசையவே இல்லையே!"

வெளியே பார்த்தேன். பெரியகுளம் தாண்டித் தேவதானப்பட்டி. மகள் என் தோளில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பி, இறக்கி, ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றோம். கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இறுகியிருந்தன. அவள் நொண்டினாள், நான் நொண்டினேன். டீக்கடையில் இரண்டு டீ சொல்லிவிட்டு, பெரியகுளம் பஸ் வருகிறதா என்று இரண்டு பேரும் மாறி மாறி எட்டிப் பார்த்தோம்.

"ஆத்தாவும் மகளும் எங்க போயிட்டு வர்றீக, இப்படிக் கால இழுக்குறீக?" என்றார் டீக்கடைக்காரர்.

"மாப்பிள்ளை வீடு பாக்கப் போனோம்" என்றேன்.

அவர் என் ஷூவைப் பார்த்தார். பிறகு டீயை ஆற்ற ஆரம்பித்தார்.